மாயா இடிபாடுகளைப் படமெடுக்கப் போகிறேன்: எந்த ஊரில், எந்த நேரத்தில் நிற்க வேண்டும்?

கயல்_ஹூஸ்டன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் மெக்சிகோ போகிறோம். மெரிடாவில் இறங்கி உஷ்மல், சிச்சென் இட்சா, பிறகு பலென்கே. வழி திறந்திருந்தால் பொனம்பாக், யாஷ்சிலான். கூட அம்மா வருகிறார். அறுபதைத் தாண்டியவர். நன்றாக நடப்பார், ஆனால் வெயில் ஒத்துக்கொள்ளாது.

கையில் இருப்பது நிக்கான் டி7500, 18-140 லென்ஸ், ஒரு ட்ரைபாட். அம்மா போனில் எடுப்பார்.

இதுவரை நான் பார்த்த மாயா படங்களில் முக்கால்வாசி ஒன்றுபோலவே இருக்கின்றன. நடுவில் பிரமிடு, மேலே நீல வானம், கீழே கூட்டம். கல்லில் இருக்கிற வேலைப்பாடு ஒன்றும் தெரிவதில்லை. எனக்கு அந்தச் செதுக்கல் தெரிய வேண்டும். எங்கே தேடினாலும் ‘விடியற்காலையில் போ, பொன்வெயிலில் எடு’ என்றே எழுதியிருக்கிறார்கள். அது போதுமா? போய்வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

——

நிழல்மானி எழுதியது:

கயல், அந்த அறிவுரையை மெக்சிகோவில் அப்படியே பின்பற்ற வழியே இல்லை. அங்கே தொல்லியல் இடங்களைப் பராமரிப்பது ஐ.என்.ஏ.எச். என்ற அரசு நிறுவனம். நீங்கள் சொன்ன பெரிய இடங்கள் காலை 8 மணிக்குத்தான் திறக்கும், 5 மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். ஜூன் மாதத்தில் 8 மணிக்கெல்லாம் சூரியன் நன்றாக மேலே ஏறியிருக்கும். டிசம்பரில் மட்டும் உங்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. உஷ்மலும் சிச்சென் இட்சாவும் இருக்கிற யுகதானில் அப்போது ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடுவதால், மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சாய்ந்த வெயில் கிடைக்கும்.

ஆனால் செதுக்கல் தெரிவதற்கு வெயிலின் நிறம் காரணமே இல்லை. சூரியனுக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோணம்தான் காரணம். சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருந்தால், அது எவ்வளவு அழகான பொன்வெயிலாக இருந்தாலும், சுவர் அப்பளம் மாதிரி தட்டையாகத்தான் வரும். சூரியன் சுவரை உரசிக்கொண்டு பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ விழுந்தால், ஒரு விரற்கடை மேட்டுக்கும் நிழல் விழும். உச்சி வெயிலாக இருந்தாலும் சரிதான்.

உஷ்மலில் ஆளுநர் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் அளவுக்கு நீளமான கட்டடம். மேல்பாதி முழுக்கத் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்திய கற்கள், ஆயிரக்கணக்கில். பின்னல் கோலம், சாய்சதுரங்கள், நடுநடுவே மழைக்கடவுள் சாக்கின் வளைந்த மூக்கு. அதன் முகப்பு கிழக்கிலிருந்து தெற்காகச் சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் கதவு திறந்ததும் ஓடிப்போய் நின்றால், வெயில் கிட்டத்தட்ட நேர் எதிரிலிருந்து விழும். நிறம் அழகாக இருக்கும், வேலைப்பாடு அமுங்கிப்போகும். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டேமுக்கால் வரை அங்கே நில்லுங்கள். சூரியன் தெற்கே போய், வெயில் முகப்பைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு இடப்பக்கமான தெற்கு மூலையிலிருந்து சுவரோடு ஒட்டி வழுக்கி வரும். சாக் மூக்கு ஒவ்வொன்றுக்கும் நீளமாக நிழல் விழும், பின்னல் கோலம் தனியாக எழுந்து நிற்கும். ஒரு மணியைத் தாண்டினால் அதுவும் போய், முகப்பு நிழலுக்குள் போய்விடும். மற்றவர்கள் வெயில் கடுமை என்று சாப்பிடக் கிளம்புகிற நேரம் அது, அதனால் கூட்டமும் குறைவு.

சிச்சென் இட்சாவில் குகுல்கான் பிரமிடு வடக்கிலிருந்து கிழக்கே இருபது பாகைக்கு மேல் திரும்பியிருக்கிறது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டிசம்பரில் அதன் வடக்கு முகத்தில், பாம்புத் தலைகள் இருக்கும் அந்தப் பிரசித்தமான முகத்தில், நாள் முழுக்க வெயில் விழாது. வாசலில் நுழைந்தவுடன் எல்லாரும் எடுக்கிற படம் அந்த மாதத்தில் மங்கலாக வருவது அதனால்தான். மதியத்துக்கு மேல் வடமேற்கு மூலைப் பக்கம் போய், மேற்கு முகமும் வடக்கு முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி நில்லுங்கள். ஒரு முகம் வெயிலில், ஒரு முகம் நிழலில். ஒன்பது அடுக்கும் எண்ணிப் பார்க்கிற மாதிரி தெரியும். பாம்புத் தலைகளை அந்த நிழலிலேயே அருகில் போய் எடுங்கள், வாய்க்குள் இருக்கும் விவரம்கூடக் கிடைக்கும்.

இன்னொன்று. வடக்கு, மேற்கு முகங்கள்தான் கடந்த நூற்றாண்டில் முழுமையாகச் சீரமைக்கப்பட்டவை. தெற்கு, கிழக்குப் பக்கம் சுற்றிப் போனால் அடுக்குகள் சிதைந்து, படிக்கட்டு உடைந்து கிடக்கும். கிழக்கு முகம் காலையில், தெற்கு முகம் பிற்பகலில். கட்டடம் காட்டிலிருந்து எந்த நிலையில் மீட்கப்பட்டது என்பது அங்கே நின்றால்தான் விளங்கும், அங்கே ஆளே இருக்காது.

——

செல்போன்_சேகர் எழுதியது:

நிழல்மானி சார், போன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதானா? என்னிடம் கேமரா கிடையாது. நான் எடுத்த பாறைச் சிற்பம் எல்லாம் வெளிறித்தான் வருகிறது.

——

நிழல்மானி எழுதியது:

கணக்கு ஒன்றுதான் சேகர், ஆனால் போன் ஒரு வேலை செய்கிறது. நிழலைக் கண்டால் அதைத் தானாகவே வெளுத்துவிடுகிறது. செதுக்கலைக் காட்டுவதே அந்த நிழல்தான். அதனால் கல்லில் வெயில் படுகிற இடத்தை விரலால் தொட்டுப் பிடித்து, சூரியன் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஹெச்.டி.ஆர்., அதாவது நிழலையும் வெளிச்சத்தையும் சமன்செய்கிற வசதி, அணைக்க முடிகிற போன் என்றால் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸை மறந்துவிடுங்கள். பிரமிடு முழுசாக அடங்கும், ஆனால் பொம்மை மாதிரி சுருங்கிப்போகும், மேலே சாய்ந்தும் விழும். பின்னால் நடந்து போய் 2 மடங்கு லென்ஸில் எடுத்துப் பாருங்கள், கட்டடத்துக்கு அதன் கனம் திரும்பி வரும். கயலுக்கும் இதேதான்: 18இல் நிற்காமல் 50க்கும் 140க்கும் நடுவே அதிகம் புழங்குங்கள்.

——

கயல்_ஹூஸ்டன் எழுதியது:

உஷ்மல் விவரம் பெரிய உதவி. நான் காலை 8 மணிக்கு நேராக ஆளுநர் மாளிகைக்குப் போவதாகத்தான் திட்டம் போட்டிருந்தேன், மாற்றிவிட்டேன். பலென்கே பற்றி யாராவது?

——

கல்லெழுத்து எழுதியது:

பலென்கேவில் கல்வெட்டுக் கோயில் கிட்டத்தட்ட வடக்கு பார்த்தது. பாகல் மன்னர், 615 முதல் 683 வரை ஆண்டவர், அதற்குள்ளேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1952இல் அல்பெர்த்தோ ரூஸ் அந்தக் கல்லறையைத் திறந்தார். டிசம்பரில் சூரியன் கோயிலுக்குப் பின்னாலேயே சுற்றுவதால் முகப்பு முழு நாளும் நிழல், பின்னால் வானம் வெளிறி எரியும். பலென்கே 17½ பாகை வடக்கில் இருக்கிறது. மே இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்கே நண்பகல் சூரியனே வடக்கே தள்ளி நிற்கும், முகப்பில் வெயில் விழும். அது மழைக்காலமாகவும் இருக்கும், அது வேறு விஷயம்.

டிசம்பரில் என்ன செய்யலாம் என்றால், மேகமூட்டமான நாளை இந்தக் கோயிலுக்கு ஒதுக்குங்கள். வடக்கிலிருந்து ‘நோர்தே’ என்ற குளிர்காற்று அந்த மாதங்களில் அடிக்கடி மேகத்தையும் தூறலையும் கொண்டுவரும். சுற்றுலாப் பயணிகள் நொந்துகொள்ளும் அந்த நாளில்தான் கல்வெட்டுக் கோயில் நன்றாக வரும். பின்னால் இருக்கும் காட்டுச் சரிவில் மஞ்சு இறங்கும், கல்லின் சாம்பல் நிறமும் பாசியும் தெரியும்.

வெயில் அடித்தால் சிலுவைக் குழுமத்துக்குப் போங்கள். அங்கே மூன்று கோயில்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி மூன்று திசை பார்த்து நிற்கின்றன. சூரியன் கோயில் கிழக்கு பார்த்தது, காலையில். இலைச்சிலுவைக் கோயில் மேற்கு பார்த்தது, மாலையில். சிலுவைக் கோயில் தெற்கு பார்த்தது, டிசம்பரில் நாள் முழுக்க வெயில் இருக்கும். அம்மா அந்த முற்றத்து மரநிழலில் உட்கார்ந்திருக்கலாம், நீங்கள் சுற்றி வரலாம்.

நீங்கள் செதுக்கல் தெரிய வேண்டும் என்று கேட்டதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். மாயா எழுத்தைப் படிக்க முடிந்ததற்கு நல்ல படங்கள் பெரிய காரணம். ஆல்ஃபிரட் மாட்ஸ்லே 1881இல் தொடங்கி கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு காடு காடாகப் போனார். கல்வெட்டுகளை வெவ்வேறு வெளிச்சத்தில் படமெடுத்தார், அச்சும் வார்த்தார். படித்தறிய முயன்றவர்கள் பலர் அந்தக் கல்லை நேரில் பார்த்ததே கிடையாது. அவர் படத்தை வைத்துத்தான் உழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இயன் கிரேம் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தில் 1968இல் தொடங்கிய கல்வெட்டுத் தொகுப்பு அவருடையது. பகலில் வெயிலுக்குக் காத்திருக்காமல், ராத்திரியில் கல்லுக்குப் பக்கவாட்டில் ஃபிளாஷை வைத்து எடுப்பார். தேய்ந்துபோன எழுத்து, பகலில் கண்ணுக்கே தெரியாதது, அந்த வெளிச்சத்தில் கோடு கோடாக எழும்பும்.

நாம் ராத்திரியில் போக முடியாது. ஆனால் யாஷ்சிலான் போனால் ஒன்று செய்யலாம். அங்கே வாசல்களுக்கு மேலே கிடத்திய உத்தரக்கல்லின் அடிப்பக்கத்தில் சிற்பம் இருக்கும். வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே குன்றில் இருக்கும் 33ஆம் எண் கட்டடத்தில் மூன்று உத்தரக்கற்கள் இன்றும் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன, பறவைச் சிறுத்தை மன்னர் உருவத்தோடு. நேராக எடுத்தால் கருப்பாகத்தான் வரும். வாசலுக்கு வெளியே வெயில் படுகிற தரையில் ஒரு வெள்ளைத் துணியையோ வெள்ளை அட்டையையோ ஒரு ஓரமாகப் போடுங்கள். வெளிச்சம் எகிறி, கீழிருந்து சாய்வாக உத்தரக்கல்லில் படும். நீங்கள் வாசற்படியில் மல்லாந்து படுத்து, கேமராவை மார்பில் ஊன்றி, மூச்சை அடக்கி எடுங்கள். அட்டையை ஒரு சாண் இப்படி அப்படி நகர்த்தினாலே முகத்தின் மூக்கு, தலைக்கவசத்தில் இருக்கும் இறகு ஒவ்வொன்றாகத் தெளியும். காவலரிடம் முதலில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அதே ஊரின் மிகச் சிறந்த சிற்பங்களில் ஒன்றான 24ஆம் உத்தரக்கல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசி முள்கயிற்றை நாக்கில் கோத்து இழுக்க, அரசர் தீவட்டி பிடித்து நிற்கும் காட்சி, 709ஆம் ஆண்டு நிகழ்ந்த சடங்கு. மாட்ஸ்லே காலத்தில் அனுப்பப்பட்டது. அங்கே அதைக் கண்மட்டத்தில் நிறுத்தி விளக்குப் போட்டிருக்கிறார்கள், யாரும் எளிதாகப் படமெடுக்கலாம். ஆனால் தலைக்கு மேல், வாசலைக் கடக்கிறவர் மட்டுமே காணும்படி வைத்திருந்த கல் அது. 33ஆம் கட்டடத்தில் மல்லாந்து படுத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பலென்கே இருக்கும் சியாபாஸ் மாநிலத்தின் எல்லைப் பகுதியில் பாதுகாப்புப் பிரச்சினையால் பொனம்பாக்கும் யாஷ்சிலானும் அண்மை ஆண்டுகளில் சில காலம் மூடிக்கிடந்தன. பலென்கே வந்த பிறகு உள்ளூரில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அம்மாவோடு போகிறீர்கள், இதில் துணிச்சல் காட்டத் தேவையில்லை.

——

டொரொண்டோ_தவம் எழுதியது:

நாங்கள் குளிர் தொடங்கினா கன்கூன் பக்கம் போறனாங்கள். அங்க நிண்டு சிச்சென் இட்சா போற ஆக்களுக்கு ஒரு விசயம். கன்கூன் இருக்கிற மாநிலத்துக்கு வேற நேரம், சிச்சென் இருக்கிற யுகதான் மாநிலத்துக்கு வேற நேரம். சிச்சென் ஒரு மணித்தியாலம் பிந்தி. கன்கூன்ல 9 மணி எண்டா அங்க 8. அதால விடிய வெளிக்கிட்டா கதவு திறக்கிற நேரத்துக்குச் சுகமாப் போய்ச் சேரலாம். திரும்பி வரேக்க அந்த ஒரு மணித்தியாலம் போயிடும், விமானம் இருந்தா கவனம்.

துலும் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. கடற்கரைப் பாறைக்கு மேல நிக்கிற கோட்டைக்கு முகப்பு மேற்குப் பக்கம், நிலத்தைப் பார்த்தபடி. கடல் இருக்கிறது முதுகுப் பக்கம். எல்லாரும் எடுக்கிற நீலக்கடல் படம் காலமைதான் வரும், வெயில் கடல்ல இருந்து பாறையில படேக்க. முகப்பு வேணும் எண்டா பின்னேரம்.

ட்ரோன் கொண்டு போறதா ஆரும் யோசிச்சா விடுங்கோ. தொல்லியல் இடங்களில அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடாது. ட்ரைபாடும் அப்பிடித்தான், அதுக்குத் தனி அனுமதி எடுக்க வேணும். கயல், ட்ரைபாடை வீட்டில வைச்சிட்டு வாங்கோ, வாசலில அதோட மல்லுக்கட்ட வேண்டி வரும்.

——

வெற்றுச்சட்டகம் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கோணம், நிழல் எல்லாம் சரி. ஆனால் சிச்சென் இட்சா மாதிரி இடத்தில் முதல் பிரச்சினை ஆட்கள். எவ்வளவு நல்ல வெளிச்சமாக இருந்தாலும் கீழே முந்நூறு தொப்பி தெரிந்தால் படம் வீண். நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வீட்டில் செயலி வைத்து ஆட்களை அழித்துவிடுவேன். தனியாக நிற்கும் பிரமிடுதான் அந்த நாகரிகத்துக்குச் செய்கிற மரியாதை என்பது என் எண்ணம்.

——

நிழல்மானி எழுதியது:

நண்பரே, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆள் இல்லாமல் எடுக்க விரும்புவது தவறே இல்லை. திறந்தவுடன் முதல் அரை மணி நேரம் உள்ளே நேராக நடந்தால் கிடைக்கும். அல்லது 140இல் இறுக்கி மேல் அடுக்குகளை மட்டும் எடுக்கலாம். பிரமிடில் ஏறுவதற்கு 2006 முதல் தடை என்பதால் மேலே யாரும் இருக்க மாட்டார்கள். அழிப்பதுதான் சிக்கல். செயலி ஆட்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானே கல்லை வரைந்து நிரப்புகிறது. படியின் எண்ணிக்கை மாறும், சிதைந்த விளிம்பு ஒழுங்காகிவிடும். அந்தப் பிரமிடில் பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கம், உச்சியில் ஒன்று, ஆக 365. அப்படி எண்ணிக் கட்டியவர்களின் கட்டடத்தில் இல்லாத கல்லைச் சேர்ப்பது மரியாதையாக எனக்குப் படவில்லை.

மேலும், ஆள் இருந்தால்தான் அளவு தெரியும். கீழ்ப்படிக்குப் பக்கத்தில் ஒரே ஒருவர் நின்றால் போதும், முப்பது மீட்டர் உயரம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

——

கல்லெழுத்து எழுதியது:

நிழல்மானி சொன்னதோடு ஒரு சம்பவத்தைச் சேர்க்கிறேன், படம் சாட்சியாக நின்ற கதை. 1960களில் குவாத்தமாலா காடுகளில் கொள்ளையர்கள் ஸ்டெலாக்களை, அதாவது உருவமும் எழுத்தும் செதுக்கி நிறுத்திய பெரிய கற்களை, ரம்பத்தால் அறுத்து முகப்பை மட்டும் கடத்தினார்கள். மச்சகிலா என்ற இடத்தின் 2ஆம் ஸ்டெலா துண்டுகளாக அமெரிக்காவில் விலைக்கு வந்தது. அது அங்கேதான் நின்றது என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழுந்தபோது, இயன் கிரேம் அது காட்டில் நின்றபோதே செய்து வைத்திருந்த பதிவு கைகொடுத்தது. 1973இல் நீதிமன்றம் கடத்தியவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வெற்றுச்சட்டகம், நாம் எடுப்பது சுற்றுலாப் படம்தான். ஆனாலும் எந்தப் படம் நாளைக்கு எதற்கு வேண்டியிருக்கும் என்று இன்று சொல்ல முடியாது. அழகுக்காக மாற்றிய பிரதி வேறு, மூலக்கோப்பு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள், தேதியோடு வைத்திருங்கள். அதே காரணத்துக்காக எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: காவல் இல்லாத சின்ன இடத்தில், காட்டுக்குள், செதுக்கிய கல் ஏதாவது கண்ணில் பட்டால் இருப்பிடக் குறியோடு இணையத்தில் போடாதீர்கள். கொள்ளை இன்னும் ஓயவில்லை.

——

வெற்றுச்சட்டகம் எழுதியது:

மச்சகிலா கதை எனக்குப் புதுசு. மூலக்கோப்பை நான் வைத்திருப்பதில்லை, இனி வைத்திருப்பேன். ஆனால் சுவரில் மாட்டுகிற படத்தில் ஆள் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

——

வனமோகினி எழுதியது:

குவாத்தமாலாவில் இருக்கும் திகாலைப் பற்றி நான் எழுதுகிறேன், கயல் என்றைக்காவது போவார். அங்கே 4ஆம் கோயில் உச்சியில் சூரியோதயம் பார்க்கத் தனிச்சீட்டு வாங்கிக்கொண்டு இருட்டிலேயே நடப்பார்கள். 60 மீட்டருக்கு மேல் உயரம், மரப்படிக்கட்டில் ஏற வேண்டும். போக வேண்டிய அனுபவம்தான். ஊளைக்குரங்கு கத்துகிற சத்தம் காட்டையே உலுக்கும். படத்துக்காகப் போனால் ஏமாற்றம் அதிகம். அந்த உச்சி கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் நேரே கண்ணில், பல நாள் வெறும் மூடுபனி. மாலையில் அதே இடத்துக்குப் போங்கள். சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும். காட்டுக்கு மேலே தலை நீட்டும் 1, 2, 3ஆம் கோயில்களின் உச்சிக்கட்டுகள் வெயிலில் வெளிரும்.

கீழே பெரிய முற்றத்திலும் இதே கணக்கு. 1ஆம் கோயில் மேற்கு பார்த்தது, பிற்பகலில். எதிரே 2ஆம் கோயில் கிழக்கு பார்த்தது, காலையில். முற்றத்தில் கண்ணிறகு வான்கோழி சர்வசாதாரணமாக மேய்ந்துகொண்டிருக்கும், கழுத்து நீலமும் இறகு வெண்கலமும் நிழலில்தான் நன்றாக வரும்.

மாதம் முக்கியம். மார்ச் கடைசி முதல் மே வரை அந்தப் பகுதியில் அடுத்த விதைப்புக்காக வயலை எரிப்பார்கள், காட்டுத்தீயும் சேரும். அந்தப் புகையில் தூரக் காட்சி பால் கலந்த மாதிரி இருக்கும். ஜனவரி, பிப்ரவரி தெளிவு.

——

செல்போன்_சேகர் எழுதியது:

கல்லெழுத்து சார், எல்லாச் செதுக்கலுக்கும் உரசல் வெளிச்சம்தான் சரியா? ஹோண்டுராசில் கோபான் படங்களைப் பார்த்தேன், வெயிலில் எடுத்தது பாதி கருப்பு பாதி வெள்ளையாக இருக்கிறது.

——

கல்லெழுத்து எழுதியது:

நல்ல கேள்வி சேகர். ஆழம் குறைந்த செதுக்கலுக்குத்தான் உரசல் வெயில். கோபானில் ஸ்டெலாக்கள் கிட்டத்தட்ட முழுச்சிற்பம் மாதிரி புடைத்து நிற்பவை, எரிமலைச் சாம்பல் இறுகிய கல். அதில் கடும் வெயில் பட்டால் மூக்கு நிழல் வாயை விழுங்கிவிடும். மேகம் மூடிய வெளிச்சம்தான் அதற்கு ஏற்றது. அங்கே எழுத்துப் படிக்கட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் எழுத்துருக்கள் கொண்டது, வெயில் மழை படாமல் கூரைத்துணிக்குக் கீழே இருக்கிறது. எழுத்து ஆழமில்லாதது, வெளிச்சமோ பரவியது, அதனால் முழுசாக எடுத்தால் சப்பென்று இருக்கும். ஓரத்தில் நின்று, வெளியிலிருந்து வெளிச்சம் நுழைகிற பக்கத்துப் படிகளை மட்டும் எடுங்கள்.

குவாத்தமாலாவில் கிரிகுவாவிலும் இந்தத் தொல்லை உண்டு. பத்து மீட்டரைத் தாண்டும், ‘E’ என்ற எழுத்தால் குறிக்கப்படும் ஸ்டெலா அங்கேதான் நிற்கிறது. பாதுகாப்புக்காகக் கூரை வேய்ந்திருக்கிறார்கள், பின்னால் புல்வெளி பளீரென்று எரியும். வெளிச்ச அளவைக் கல்லின் மேல் வைத்துப் பூட்டிவிட்டு, பின்னணியில் மரநிழல் வருகிற திசையிலிருந்து எடுங்கள்.

பொனம்பாக் ஓவியங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. 790களில் தீட்டிய மூன்று அறைகள். சில பேரை மட்டுமே உள்ளே விடுவார்கள், ஃபிளாஷ் கூடாது. 1946இல் ஜைல்ஸ் ஹீலி படமெடுத்த பிறகு வெளியுலகம் அறிந்தது. அதன் பின் நகலெடுக்க வந்தவர்கள் நிறம் துலங்குவதற்காகச் சுவரில் மண்ணெண்ணெய் தடவினார்கள். 1990களில் யேல் பல்கலைக்கழகக் குழு சுவரைத் தொடாமல் அகச்சிவப்புப் படமெடுத்து, கண்ணுக்கு மறைந்த கோடுகளை வெளிக்கொண்டுவந்தது. நீங்கள் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றி, முதுகை வாசல் நிலையில் சாய்த்து எடுங்கள். சுவரில் சாயக்கூடாது, பைகூட உரசக்கூடாது.

——

டொரொண்டோ_தவம் எழுதியது:

இன்னொண்டு சொல்ல வேணும். மாயா சனம் அழிஞ்சு போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு வாற ஆக்கள் கனபேர். குவாத்தமாலாவில மட்டும் இருபதுக்கு மேல மாயா மொழிகள் இண்டைக்கும் பேசுகினம். சிச்சென் இட்சாவில மரச்சிற்பம் விக்கிறவையில கனபேர் அந்தச் சுத்துவட்டாரத்து மாயா ஆக்கள்தான், தங்களுக்குள்ள மாயாவில கதைப்பினம். அவையின்ர முகத்தை எடுக்கேக்க கேட்டுப்போட்டு எடுங்கோ, வேண்டாம் எண்டா விட்டிடுங்கோ. சியாபாசில சான் குவான் சமுலா தேவாலயத்துக்குள்ள படமெடுக்கிறது கண்டிப்பாத் தடை. அங்க சனம் தரையில மெழுகுதிரி கொளுத்தி வைச்சு மன்றாடிக்கொண்டிருக்கும். கேமராவைப் பைக்குள்ள வைச்சிட்டுப் போங்கோ, கழுத்தில தொங்கவும் வேண்டாம்.

——

வனமோகினி எழுதியது:

தவம் அண்ணா சொன்னது முழுக்கச் சரி. கயலுக்கு ஒரு வேலை தரட்டுமா? 1841இல் உஷ்மலுக்கு ஃபிரெடரிக் கேதர்வுட் ஒரு தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சரியாக வரவில்லை என்று விட்டுவிட்டுக் கையால் வரைந்தார். 1860இல் தெசிரே ஷார்னே வந்து ஈரத்தகட்டில் எடுத்தார். அந்த வெக்கையில் தகட்டில் மருந்து பூசி, காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். 1870களில் ஆலிஸ் டிக்சன் தன் கணவர் லெ ப்ளாஞ்சனோடு வந்து உஷ்மலையும் சிச்சென் இட்சாவையும் ஆழம் தெரியும்படி இரு கண்ணுக்கும் தனித்தனியான இரட்டைப் படங்களாக எடுத்துத் தள்ளினார். இந்தப் பழைய படங்கள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றிரண்டைப் போனில் வைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற இடத்தைத் தேடி நின்று எடுத்துப் பாருங்கள். எந்தக் கல் அன்று தரையில் கிடந்தது, எது பின்னால் ஏற்றி வைத்தது என்று தெரியும். நிழல் விழுந்திருக்கும் கோணத்தை வைத்து அவர்கள் எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம்.

——

கயல்_ஹூஸ்டன் எழுதியது:

இது பிரமாதம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஷார்னே எடுத்த உஷ்மல் படங்களை அவரே தேடி இறக்கி வைத்துவிட்டார். இடம் தேடுகிற வேலை அவருடையது என்று பிரித்துக்கொண்டோம். திட்டம் இப்படி: உஷ்மல் காலை கன்னிமாடச் சதுரம், நண்பகல் ஆளுநர் மாளிகை. சிச்சென் காலையில் கிழக்குப் பக்கம், நடுவே நிழலில் ஓய்வு, மூன்றரைக்கு மேல் வடமேற்கு மூலை. பலென்கேவில் ஒரு நாளுக்குப் பதில் கூடுதலாகத் தங்கி மேகத்துக்குக் காத்திருப்பது. ட்ரைபாட் வீட்டில்.

கடைசியாக ஒன்று. பலென்கே ஈரப்பதத்தில் லென்ஸ் மூடுபனி பிடிக்கும் என்கிறார்களே?

——

நிழல்மானி எழுதியது:

பிடிக்கும், ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும். ராத்திரி கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடி வையுங்கள். காலையில் கிளம்பும்போது பையைத் திறக்காமலே வெளியே கொண்டுபோய், கேமரா வெளிச்சூட்டுக்கு வரும் வரை விடுங்கள். அரை மணி நேரம் தாராளமாக ஆகும். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், அதைத் துடைத்துவிட்டுத் திறக்கலாம். லென்ஸை அங்கே கழற்றாதீர்கள். முடிந்தால் லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் வடிகட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஈர இலையில் அடிக்கும் பளபளப்பு குறைந்து காட்டின் பச்சை தெரியும். போய்வந்ததும் ஆளுநர் மாளிகைப் படத்தை இங்கே போடுங்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று குறிப்போடு.